முள்ளம்பன்றியின் கற்பனை அணி

ஒரு காட்டில், மழை இறங்கப் பத்தே நாள் இருந்த வேளையில், ஒரு பாறைக் குகைக்காக நரியும் முள்ளம்பன்றியும் மல்லுக்கு நின்றன.

முள்ளம்பன்றிக்கு மூன்று குட்டிகள். ஓடைக்கரையில் இருந்த அதன் வளைக்குள் சென்ற மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீர் ஏறிவிட்டது. குகை கிடைக்காவிட்டால் இந்த ஆண்டும் அதே பாடுதான். நரிக்கோ மேட்டில் நல்ல புதர் ஒன்று இருந்தது. ஆனாலும் குகையில் குடியிருப்பதுதான் கௌரவம் என்று அது நினைத்தது.

வழக்கு ஆமையிடம் போனது. ஆமை எதையும் விதிப்படியே செய்யும். விதியில் இல்லாததைக் கனவிலும் செய்யாது.

"நாளை மறுநாள் காய்ப்பந்து ஆட்டம். காட்டு வழக்கப்படி நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுங்கள். எந்த அணிக்கு ஓட்டம் அதிகமோ, அந்த அணிக்காரருக்குக் குகை" என்றது ஆமை.

காய்ப்பந்து என்பது பச்சை விளாங்காயை ஓங்கி அடித்துவிட்டு, நான்கு மரங்களைத் தொட்டுத் திரும்பும் ஆட்டம். காய் தரையில் விழுமுன் எதிரணியார் பிடித்துவிட்டால் ஓட்டம் கிடையாது. மலையணியும் ஆற்றணியும் ஆண்டுதோறும் அதை ஆடும். கலைமான், குரங்கு, கீரி, முயல் எல்லாம் அந்த அணிகளில் ஆடுபவர்கள்தான்.

"நான் ஆடியதே இல்லையே, ஆமை மாமா" என்றது முள்ளம்பன்றி.

"நீ ஆட வேண்டாம். இரண்டு அணிகளையும் சேர்த்துப் பார்த்து உனக்குப் பிடித்த இருவரைத் தேர்ந்தெடு. அவர்கள் எடுக்கும் ஓட்டமெல்லாம் உன்னுடையது."

"அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?"

"வேண்டாம். அவர்களுக்கு இது தெரியவே தெரியாது."

"ஒருவன் மலையணி, மற்றவன் ஆற்றணி என்று அமைந்துவிட்டால்? என் ஆள் அடித்த காயை என் ஆளே பிடித்துவிட்டால், நான் சிரிப்பதா, அழுவதா?"

ஆமை நெடுநேரம் யோசித்தது. "அதற்கு விதி எதுவும் இல்லை" என்றது. பிறகு, "நாளைக் காலை ஆலமரத்தடியில் தேர்வு. முதலில் நீ ஒருவனைச் சொல். அடுத்து நரி இருவரைச் சொல்லட்டும். கடைசி ஆள் மறுபடியும் உனக்கு. ஒரு பெயரைச் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது" என்று முடித்தது.

முள்ளம்பன்றிக்குத் தலை சுற்றியது. யாரிடமாவது கேட்டால் தெளிவு பிறக்கும் என்று புறப்பட்டது.

மைனாவிடம் போன ஆண்டுக் கணக்கு முழுவதும் இருந்தது. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அக்கா? கலைமான்தான். போன ஆண்டு பதினோரு ஓட்டம். அவன் கொம்பால் ஒரு முட்டு முட்டினால் காய் ஓடையைத் தாண்டும்" என்றது.

"போன ஆண்டுக் கணக்கு போன ஆண்டோடு போயிற்று" என்றது அணில். "வாலைப் பாருங்கள். நீள வால் உள்ளவன்தான் திருப்பத்தில் சறுக்காமல் ஓடுவான். குரங்கை எடுங்கள்."

"கீரிக்கும் வால் இருக்கிறதே?"

"அதையும் வால் என்றால் நான் என்ன சொல்வது, அக்கா" என்று அணில் தன் வாலைத் தடவிக்கொண்டது.

காட்டுப்பன்றியோ, "வாலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். யார் வயிறு நிறையச் சாப்பிடுகிறான் என்று பார்த்து எடு" என்றது.

கலைமானுக்குக் கணக்கு இருந்தது; நீள வால் இல்லை. குரங்குக்கு வால் இருந்தது. சொல்லும்படியான கணக்கு இல்லை. முயல் வயிறு நிறையத் தின்றது. ஆனால் முயல் எப்போதுதான் தின்னாமல் இருந்தது? கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் காலை முள்ளம்பன்றி வழியோரம் உட்கார்ந்து ஒரு மான்கொம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. மான் உதிர்த்த கொம்பு கிடைத்தால் முள்ளம்பன்றிகள் விடுவதில்லை. கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும். அது முழ நீளத்துக்கும் மேலான கொம்பு. அந்தக் காட்டில் அவ்வளவு பெரிய கொம்பு கலைமானுக்கு மட்டுமே உண்டு.

அவ்வழியே வந்த நரி கொம்பைப் பார்த்தது. பிறகு முள்ளம்பன்றியின் முகத்தைப் பார்த்தது.

"காலையிலேயே பலகாரமா, அக்கா?"

"மூங்கில் புதரடியில் கிடந்தது. இதைக் கடித்தால்தான் எனக்கு யோசனை ஓடும்."

"நன்றாகக் கடியுங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கலைமானை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். அவன் உங்கள் பக்கம் வந்துவிட்டால் நான் குகையை மறந்துவிட வேண்டியதுதான்."

முள்ளம்பன்றிக்கு அதுவரை இருந்த மூட்டம் ஒரு நொடியில் கலைந்தது. எதிராளியே அஞ்சுகிற ஆளைவிட வேறு யாரை எடுப்பது? கொம்பைக் கீழே போட்டுவிட்டு ஆலமரத்தடிக்கு விரைந்தது.

"கலைமான்" என்றது, ஆமை கேட்குமுன்பே.

நரி தலையில் கைவைத்துக்கொண்டது. "போயிற்று, எல்லாம் போயிற்று. சரி, எனக்குக் குரங்கும் முயலும்."

"எனக்குக் கீரி" என்றது முள்ளம்பன்றி. அந்தப் பெயரை அது பெரிதாக எண்ணக்கூட இல்லை.

ஆட்டத்தன்று கலைமான் திடலுக்கு வந்தது. ஆனால் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றுகொண்டது. அதன் தலையில் கொம்பு இருந்த இடத்தில் இரண்டு புண்கள் மட்டும் இருந்தன.

"தம்பி, நீ ஆடவில்லையா?"

"எதைக் கொண்டு அடிப்பது, அக்கா? கொம்பு இரண்டும் உதிர்ந்து நான்கு நாள் ஆகிறது. புதிதாக வளர்ந்து உறுதிப்படப் பல மாதம் ஆகும்."

முள்ளம்பன்றி ஆமையிடம் ஓடியது. ஆமை, "சொன்னால் சொன்னதுதான்" என்றது.

கீரி உயிரைக் கொடுத்து ஆடியது. தனியாகவே நான்கு ஓட்டம் எடுத்தது. குரங்குக்கு மூன்றும் முயலுக்கு ஒன்றும் கிடைத்து, இரு பக்கமும் சமமாக நின்றன. கடைசியாகக் கீரி அடித்த காய் உயரே போனது. முயல் தாவி அதைப் பிடித்தது. அடுத்து முயலே அடித்துவிட்டு, நான்கு மரங்களையும் தொட்டுத் திரும்பியது.

குகை நரிக்குப் போனது.

முதல் தூறல் விழுந்த அன்று முள்ளம்பன்றி வளையின் வாயில் மண்ணை அள்ளி அள்ளி அணை போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலே கிளையில் வந்து உட்கார்ந்த மைனா தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அக்கா, தேர்வன்று காலையில் ஒரு கொம்பைக் கடித்துக்கொண்டிருந்தீர்களாமே. அது கலைமானுடையது என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. அவ்வளவு பெரிய கொம்பு வேறு யாருக்கு இருக்கிறது?"

"பிறகு ஏன் அவனை எடுத்தீர்கள்?"

முள்ளம்பன்றி மண்ணை அள்ளுவதை நிறுத்தியது. மழையைப் பார்த்தது, மைனாவைப் பார்த்தது.

"அவனுக்குக் கொம்பு இல்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே" என்றது.

நீதி: பத்துப் பேர் சொல்வதை நம்புமுன், உன் கையில் இருப்பதை ஒரு முறை பார்.