லேனா சாப்பிட்டாளா?

கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பொற்கொடி நர்ஸாக இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக அந்த மொழியில் தேர்வு எழுத வேண்டும். வகுப்பில் சேர வசதியில்லை. ஊரில் ஜெர்மன் சொல்லித்தருபவர் சுகந்தி டீச்சர். பொற்கொடியைவிட இளையவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனாள்.

“செலவில்லாம ஜெர்மன் கத்துக்க வழி இருக்கா, டீச்சர்?”

“இப்ப எப்படிப் படிக்கிறீங்க, அக்கா?”

“போன்லதான். இலவசமா கிடைக்கிற ஆப், வீடியோ எல்லாம் வெச்சிருக்கேன். ஆனா யாராவது பேசினா ஒண்ணும் புரியமாட்டேங்குது. இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்கவும் கூச்சமா இருக்கு.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“ஒரே பாடத்தைத் தினமும் சலிக்காம நடத்துற ஒருத்தங்க இருக்காங்க. காசு வாங்க மாட்டாங்க. வாங்க.”

முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் ஹெட்விக் அம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மறதி நோயில் தமிழும் ஆங்கிலமும் போய்விட்டன. சிறுவயதில் பேசிய ஜெர்மன் மட்டும் மிச்சம்.

மதியச் சாப்பாடு வந்தது. அவர் தொடவில்லை.

“ஹாட் லேனா ஷோன் கெகெஸென்?” என்றார்.

“என்ன கேட்கிறாங்க?”

“லேனா சாப்பிட்டாளான்னு. இவங்க தங்கச்சி. போர்க்காலத்துல பட்டினியில செத்துப்போன குழந்தை.”

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். அம்மா மேலும் கேட்டார். டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அம்மா ஸ்பூனை எடுத்தார்.

“‘லேனா சாப்பிட்டா’ன்னு சொல்ல இங்க இருக்கிற ஆயாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆனா ‘என்ன சாப்பிட்டா? குளிருக்குப் போத்திவிட்டீங்களா?’ன்னு அடுத்தடுத்து கேட்பாங்க. ஆயாவுக்குப் பதில் வராது. இவங்க தட்டை நகர்த்திடுவாங்க. ராத்திரிக்கு நான் வந்துடறேன். மத்தியானம் எனக்கு வகுப்பு.”

மறுநாள் மதியம் பொற்கொடி தனியாகப் போனாள். அம்மா கேட்டார். டீச்சர் சொல்லித்தந்தபடி ஜெர்மனில் “சாப்பிட்டாள்” என்றாள். அம்மா இன்னொன்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. தட்டு அப்படியே திரும்பிப் போனது. வாசலில் நின்று அழுதாள்.

அதற்கடுத்த நாளும் போனாள். அதே கேள்விகள். இம்முறை கூச்சப்படவில்லை; இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அம்மா முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது புரிந்தது. ஆனால் எந்தச் சாப்பாட்டுக்கும் ஜெர்மன் பெயர் நினைவுக்கு வரவில்லை.

“இட்லி” என்றாள்.

“இட்லி?” அம்மா அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றார். சிரித்தார். பிறகு சாப்பிட்டார்.

மழைக்காலம் போனது. லேனா உருளைக்கிழங்கு சூப் குடித்தாள். கம்பளி போர்த்திக்கொண்டாள். பல்வலி வந்து சரியானது. தினமும் ஒரு புது வாக்கியத்தோடு பொற்கொடி போனாள். தட்டு காலியாகத் திரும்பியது.

ஒருநாள் சாயங்காலம் அவள் டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

“இன்னிக்குத் தோத்துட்டேன், டீச்சர்.”

“சாப்பிடலையா?”

“சாப்பிட்டாங்க. ஆனா லேனாவைப் பத்திக் கேட்கலை. என் முகத்தையே பார்த்தாங்க. ‘நீ? நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“நைட் டூட்டி இன்னிக்கு மதியம் வரைக்கும் நீண்டுடுச்சு. நேரா அங்க போனேன். சாப்பிடலை. என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சு. லேனாவைப் பத்தி எவ்வளவோ பொய் சரளமா வந்துது. இந்த ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை வரலை.”

“அப்புறம்?”

“தட்டை என் பக்கம் தள்ளினாங்க. ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.”

டீச்சர் அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார்.

பொற்கொடி குடித்து முடித்தாள்.

“அடுத்து நான் என்ன படிக்கணும், டீச்சர்?”

“நாளைக்கு ‘சாப்பிட்டீங்களா?’ன்னு அவங்களை நீங்க முதல்ல கேளுங்க, அக்கா.”