மூன்று கிராம்

பி.எஸ்ஸி. வரைக்கும்தான் பாடம் நடத்துகிற கல்லூரி அது. முனைவர் பட்டம் முடித்த செண்பகவல்லி அங்கே ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்துவந்தாள். பத்து கிராம் மருந்துப்பொடி வரவேண்டிய சோதனையில் அவளுக்கு ஆறு கிராம்தான் வந்தது.

"ஒன்பதுன்னு எழுதும்மா. நாளைக்கு ஆய்வுக்குழு வருது. எழுதலேன்னா உன் வேலை இந்த மாசத்தோட சரி" என்றார் முதல்வர் ஆளவந்தார். வேதியியலில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர்.

"நான் எதுக்கு சார் எழுதணும்? மறுபடி செய்யறேன். நீங்களே எடை போட்டு எழுதிடுங்க."

மறுநாள் குழுவின் முன்னால், அப்போதுதான் வடிகட்டிய பொடியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தராசில் வைத்தார். தராசு ஒன்பது காட்டியது. நோட்டில் எழுதி, பெரிதாகக் கையெழுத்தும் போட்டார்.

"சார், அது இன்னும் காயவே இல்லையே" என்றாள் ஒரு முதலாண்டு மாணவி.

குழுத் தலைவர் பொடியை ஓவனில் வைக்கச் சொன்னார். மதியம் அதே தராசு ஆறு காட்டியது.

"மீதி மூணு கிராம் எங்கம்மா?"

"அது தண்ணி சார்" என்றாள் செண்பகவல்லி. "முதல்வர் கையெழுத்து போட்டது அதுக்குத்தான்."