புது அலைவரிசை வந்த வீடு

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு. கதைகளில் தலைகீழாகத்தான் இருக்கும். என்ன செய்வது, காந்திபுரத்தில் இப்படித்தான் அமைந்துவிட்டது.

குருவின் பெயர் சங்கவி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடர் நாச்சிமுத்து. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கும் இந்த வேலையைக் கத்துக்குடுங்க" என்று ஒரு நாள் மாடியேறி வந்துவிட்டார். கடைக்கு வெளியே அவளை அம்மணி என்பார். ஷட்டரைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் மேடம்.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஸ்க்ரூ கழற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வீடுகளுக்கு அவரைத் தனியாக அனுப்பியதில்லை. சங்கவி முன்னால் போவாள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். அந்தக் குறை மனுஷனை அரித்துக்கொண்டே இருந்தது.

"எப்பத்தானுங்க மேடம் நான் தனியாப் போறது?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சங்கவி ஒரு சீட்டை நீட்டினாள். "சாய்பாபா காலனிங்ண்ணா. நீங்களே போய்ட்டு வாங்க."

நாச்சிமுத்து முகம் கழுவி, தலை சீவி, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார்.

நாலாவது மாடி ஃபிளாட். மிருணாளினி என்ற பெண் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்கள் எடிட் செய்து கொடுப்பவள். எல்லாம் பெரிய பெரிய ஃபைல்கள். அறுபது வீட்டு வைஃபையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற கட்டிடம் அது. அந்த நெரிசல் தாங்காமல் புது ரவுட்டர் வாங்கியிருந்தாள். பழைய அலைவரிசை இரண்டோடு, ஆறு கிகாஹெர்ட்ஸ் என்று புதிதாக ஒன்றும் அதில் உண்டு. லேப்டாப்பும் புதுசுதான். ஆனால் அதில் பழைய இரண்டின் பெயர்களும் தெரிந்தன, புதுசின் பெயர் மட்டும் வரவில்லை.

"நாலு நாளா மண்டை காயுதுங்ண்ணா" என்றாள்.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். லேப்டாப்பின் வைஃபை கார்டு புது அலைவரிசையைப் பிடிக்கக் கூடியதா என்று பார்த்தார். பிடிக்கும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழசாக இருந்தது, புதுசை ஏற்றினார். வரவில்லை. லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார். ஊஹூம். சங்கவிக்கு ஒரு போன் போடலாமா என்று கை பாக்கெட் வரை போயிற்று. போன் போட்டால் அப்புறம் தனியாக வந்ததற்கு என்ன மரியாதை? கையை எடுத்துக்கொண்டார்.

ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போனபோதுதான் பிடிபட்டது. வைஃபைக்குப் போட்டிருந்த பூட்டு, அதாவது செக்யூரிட்டி, பழைய வகை. புது அலைவரிசை அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். பழைய பூட்டு என்றால் வெளியே தலைகாட்டாது.

புது வகையைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் 'எல்லா அலைவரிசைக்கும்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தார். வீடு முழுக்க ஒரே பூட்டு, சுத்தமான வேலை. பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை.

லேப்டாப்பில் புதுப் பெயர் வந்து நின்றது. மிருணாளினி உடனே ஒரு ஃபைலை அனுப்பிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா! அரை மணி நேரம் இழுக்கும்ணா இது. ரெண்டே நிமிஷம்!"

காபி வந்தது, கூடவே தேங்காய் பர்ஃபி. பால்கனியில் அவளுடைய மாமனார் மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் பாட்டுத்தான்.

"முடிஞ்சுதுங்க மேடம்!" என்று படியிலிருந்தே குரல் கொடுத்தார். ஒன்று விடாமல் சொன்னார்.

சங்கவி ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ரொம்ப சந்தோசங்ண்ணா. பூட்டை எல்லா அலைவரிசைக்குமா மாத்துனீங்க?"

"ஆமாங்க. சுத்தமா."

"அந்த வைஃபைல வேற யார் யாரு இருந்தாங்க?"

"லேப்டாப்புக்குத்தானுங்களே நம்மளைக் கூப்பிட்டாங்க?"

சங்கவி துடைப்பதை நிறுத்தினாள். "மறுபடி ஒருக்கா போய்ட்டு வந்துருங்க. இன்னிக்கே."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. முதல் தடவை தனியாகப் போய் ஜெயித்து வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

"அந்தம்மா சிரிச்சுட்டுத்தானுங்க அனுப்புனாங்க."

"போய்ட்டு வாங்கண்ணா."

"நாளைக்குப் போறேனுங்க."

மறுநாள் சங்கவி ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். வெள்ளியும் சனியும் கடையில் வேலை அதிகம் என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஞாயிறு விடுமுறை. உண்மையில் அவருக்குக் கோபம். வயதாக ஆகக் கோபம் குறையும் என்று சொல்கிறவர்கள் நாச்சிமுத்துவைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை சங்கவி வந்ததும் கேட்டாள். "போனீங்களாண்ணா?"

"இல்லீங்க." மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "ஒண்ணு கேக்கறேன் மேடம். வேலை முடிஞ்சுதுன்னு எதை வெச்சுத்தானுங்க சொல்றது? கேட்டது ஓடுது. கேட்டவங்களுக்குச் சந்தோசம். இன்னும் என்னங்க பாக்கி?"

சங்கவி அவருடைய டூல்ஸ் பையை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"வெறுங்கையோட போங்க. லேப்டாப்பைத் தொடாதீங்க. அந்த வீட்டுல ஒரு கால் மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க."

"சும்மாவா? என்னன்னு சொல்லீட்டு உக்கார்றதுங்க?"

"தண்ணி கேளுங்க."

போனார். மூன்றரை மணி. மிருணாளினி கதவைத் திறந்து, "சூப்பரா ஓடுதுங்ண்ணா!" என்றாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து தண்ணீரைக் குடித்தார். ஃபேனைப் பார்த்தார். நல்லா இருக்கிற வீட்டில் வந்து காத்து வாங்குவது அவருக்கே கேவலமாக இருந்தது. எழுந்து பால்கனிக்குப் போனார்.

மாமனார் அங்கேயேதான் இருந்தார். சென்னியப்பன் என்று பெயர் சொன்னார். மடியில் டேப்லெட், அதில் சதுரங்கப் பலகை.

"செஸ்ஸுங்களா ஐயா?"

"ஆமா தம்பி. ஆனா ஆளில்ல."

"யாருங்க ஆடறவரு?"

"பினாங்குல ஒரு சிநேகிதன். ஞானமுத்துன்னு பேரு. பத்து வருசமாச்சு, தெனமும் நாலு மணிக்கு வந்துருவான். நேர்ல பார்த்ததில்ல. இதுலயே ஆடறது, இதுலயே எழுதிப் பேசிக்கறது."

"நாலாக இன்னும் நேரம் இருக்குதுங்களே."

"நாலு நாளா வரலை தம்பி."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எண்பத்திரண்டு அவனுக்கு. போன மாசம் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில கெடந்தான்."

"மருமககிட்டச் சொல்லி விசாரிக்கலாமுங்களே?"

"அவ கெட்டிக்காரி. சொன்னா எப்படியாவது அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சுருவா." பெரியவர் அந்த வட்டத்தையே பார்த்தார். "அதுக்குத்தான் சொல்லலை."

நாச்சிமுத்து குனிந்து திரையைப் பார்த்தார். மேல் மூலையில் வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பத்து வருடப் பழைய டேப்லெட். புதுப் பூட்டைத் திறக்க அதற்குத் தெரியாது. மற்றவர்களின் போனும் ஹால் டிவியும் புதுசு, தானாகவே மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. இது மட்டும் வெளியே நின்றுவிட்டது. வியாழக்கிழமை இவர் பர்ஃபி தின்றுகொண்டு பெரியவரைப் பார்த்துச் சிரித்தாரே, அப்போதே நின்றுவிட்டது.

"ஐயா." நிமிர்ந்தார். "வராம இருந்தது அவரில்லீங்க, நீங்கதானுங்க. நான் பண்ணி வெச்ச வேலை இது."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாச்சிமுத்து விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. மிருணாளினியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தன் போனிலேயே ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்தார். அந்த டிக்கை எடுத்தார். புது அலைவரிசைக்குப் புதுப் பூட்டு. மற்ற இரண்டுக்கும், பழசையும் புதுசையும் சேர்த்தே உள்ளே விடுகிற பூட்டு. நாலு நிமிஷ வேலை. வியாழக்கிழமையே செய்திருக்கலாம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

டேப்லெட் டிங் என்றது. மறுபடி டிங். அப்புறம் மூச்சு விடாமல் ஏழெட்டு.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'என்னப்பா, இன்னிக்கு லீவா?' இது வியாழக்கிழமை போட்டிருக்கான். 'உடம்புக்கு என்ன?' இது மறுநாள். 'டேய் சென்னி, இருக்கியா போய்ட்டியா? போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா.'"

சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பிலேயே கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"பாத்தியா தம்பி! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எனக்குக் கருமாதியே பண்ணியிருப்பான்!"

சத்தம் கேட்டு மிருணாளினி ஓடிவந்தாள். "என்னாச்சு மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஞானமுத்து உசுரோட இருக்கான்!"

"அவரு எப்ப மாமா செத்தாரு?" என்றாள் அவள் திகைத்துப்போய்.

நாலு மணிக்குப் பலகையில் ஒரு குதிரை தாவியது. பினாங்கிலிருந்து. கால் மணி நேரத்துக்கென்று வந்த நாச்சிமுத்து ஐந்தரை வரை பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் செஸ் தெரியாது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

கடைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நாலு நாளுங்க மேடம். நீங்க அன்னிக்கே போகச் சொன்னீங்க. நாந்தான் வீம்புக்குப் போகாம இருந்துட்டேன். இனி நான் பையே தூக்கீட்டு வர்றேனுங்க. தனியா அனுப்பாதீங்க."

சங்கவி மேசைக்கு அடியிலிருந்த அவருடைய பையை எடுத்து வெளியே வைத்தாள்.

"அந்த டேப்லெட் நின்னுருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"டேப்லெட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்ண்ணா." கொஞ்சம் தயங்கினாள். "ஏழு மாசத்துக்கு முன்னாடி, வடவள்ளில ஒரு வீட்டுல நானும் அதே டிக்கைத்தான் அடிச்சேன். அவங்களும் சிரிச்சுட்டுத்தான் அனுப்புனாங்க. பழைய மெசின் ஏதாச்சும் இருந்தா வெளிய நின்னுரும்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அந்த வீட்டுல எது நின்னுபோச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"திரும்பப் போகலீங்களா?"

"இல்லீங்ண்ணா."

நாச்சிமுத்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார், "அட்ரஸ் இருக்குங்களா மேடம்?"

சங்கவி எழுந்து விளக்கை அணைத்தாள்.

"இருக்கு. ஷட்டரை எறக்குங்க, போலாம்."