நெருப்பில் விரிந்த காய்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, வடக்கே பனிமலை அடிவாரத்தில் ஒரு பெரிய காடு இருந்தது. எங்கே பார்த்தாலும் பைன் மரம்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். கொத்துக்கு மூன்றாக ஊசி இலை. சாண் கனத்துக்குப் பட்டை.

அந்தக் காட்டைத் தூமகண்டன் என்ற மந்திரவாதி ஆண்டுவந்தான். மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கும் மாதங்கியிடம், "அந்தக் கிழட்டு மரத்தைச் சுற்றிலும் கீறடி! ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது" என்றான்.

"சுத்திக் கீறினா மரம் செத்துப்போயிரும் சாமி. கையகலம் பட்டை விடுறதுதான் எங்க வழக்கம்" என்றாள் அவள். சொன்னபடியே விட்டும்விட்டாள்.

பாவி சும்மா இருப்பானா? அவளுடைய ஐந்து வயது மகள் பவளியை ஒரு பைன் காய்க்குள் அடைத்து, செதில்களைப் பிசினால் பூட்டினான். "மூன்று நாளைக்குள் திறந்தால் பிள்ளை உனக்கு. இல்லாவிட்டால் அவள் வெறும் விதைதான்!"

முதல் நாள் மாதங்கி காயில் கத்தியை வைத்தாள். "அம்மா, குத்துது!" கத்தியை வீசி எறிந்தாள். இரண்டாம் நாள், ஊறினால் இளகும் என்று தண்ணீரில் போட்டாள். ஈரம் பட்டதும் செதில்கள் இன்னும் இறுகின. "அம்மா, மூச்சு முட்டுது!" மூன்றாம் நாள் குரலே வரவில்லை.

கிழட்டு மரத்தடியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மரம் பேசியது.

"மாதங்கி, என்னை உயிரோடு விட்டவள் நீ. கேள். பிசின் பூட்டிய காய் நெருப்புக்குத்தான் திறக்கும்."

"பெத்த பிள்ளையை நெருப்புல போடச் சொல்றியா? நீயும் ஒரு தாயா?"

"தாய்தான். என் பிள்ளைகளையும் காட்டுத்தீக்குக் கொடுத்துத்தான் முளைக்க வைக்கிறேன். சுடட்டும், கருக விடாதே."

எது சூடு, எது கருகல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சுள்ளி பொறுக்கித் தணல் மூட்டினாள்; காயை அதில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கையோடு தணலுக்குள் நீட்டினாள். தோல் பொசுங்கியது, எடுக்கவில்லை. சதை வெந்தது, எடுக்கவில்லை. பிசின் உருகி விரலெல்லாம் தீப்பிடித்தது, அப்போதும் எடுக்கவில்லை.

படீர் என்று செதில்கள் விரிந்தன. பவளி வெளியே வந்து விழுந்தாள். மந்திரம் அறுந்தது. அலறிக்கொண்டு ஓடிவந்த தூமகண்டன் பாதி வழியிலேயே புகையாகிப் போனான். ஊர் கூடி அந்தக் காட்டை மாதங்கியிடமே ஒப்படைத்தது.

ஆனால் வெந்த கைக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. மகளைத் தடவினால் கன்னமா கட்டையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதனால் பவளிதான் தினமும் ஓடிவந்து, அம்மாவின் கழுத்தில் தன் கன்னத்தை வைத்து அழுத்துவாள்.

"இப்பத் தெரியுதாம்மா?"

"தெரியுதுடி, என் கண்ணே."