காலியான வீடு யாருக்கு?

இந்தப் புதிருக்கு விடை தெரிந்தும் வாயைத் திறக்காதவர் வீட்டுக் குழம்பில் ஒரு மாதத்துக்கு உப்பு சேராமல் போகட்டும். கதையே உப்பளத்துக் கதைதான்.

வெண்கரைப் பட்டினத்தில், பெற்றவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கென்று அரசன் மாறவேள் ஒரு பெரிய வீடு கட்டியிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டவள் பேராச்சி. அவளும் அங்கே விடப்பட்டு வளர்ந்தவள்தான். வேறு போக்கிடம் கிடையாது. பிள்ளைகள் இருக்கும்வரை அவளுக்கும் அங்கே இடம் உண்டு என்பது அரசன் ஆணை.

ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். “பெற்ற வயிறெல்லாம் கல்லாகிவிட்டதா?” என்று நொந்துகொண்ட அரசன், புதிதாக அறைகள் கட்டினான். அவையும் நிறைந்தன.

பேராச்சிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அநேகப் பிள்ளைகள் தாயின் பழஞ்சேலையில் சுற்றப்பட்டு வந்தவர்கள். அந்தச் சேலைகளையே அவள் தூளியாகக் கட்டுவாள். துவைக்க எடுத்தால் ஒவ்வொன்றின் கரையிலும் உப்பு பூத்திருக்கும். அதிலும், கிழியாத பாகமாகப் பார்த்துப் பிள்ளையின் உடம்பில் படும்படி சுற்றியிருந்தார்கள். வேண்டாம் என்று எறிகிறவள் இப்படியா சுற்றுவாள்?

உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தாள். நிழலுக்கு ஒரு செடி இல்லை. கைக்குழந்தையைத் தரையில் கிடத்தினால் வெந்துபோகும். வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் உலை ஏறாது. பாவம், அந்தப் பெண்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

பேராச்சி நேரே உப்பள முதலாளி அழகுவேலிடம் போனாள்.

“அண்ணாச்சி, உப்புப் பாத்தி ஓரமா ஒரு ஓலைக் கொட்டகை போட்டுக் குடுங்க. குனிஞ்சு வேலை செய்ய ஏலாத பொம்பளை ஒருத்தி பிள்ளைகளைப் பாத்துக்கிடட்டும். பால் குடுக்கத் தாய்மாரை அப்பப்ப விட்டாப் போதும்.”

“உப்பு வாருத நேரத்துல ஆளை விடவா? ஒரு மழை பெஞ்சா அம்புட்டும் கரைஞ்சு போவுமே, தாயி!” என்றார் அவர். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “சரி, போடுதேன்” என்றார்.

பிள்ளைகள் போய்விட்டால் தனக்கும் அங்கே இடமில்லை என்பது பேராச்சிக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தன் கூரையைத் தானே பிரித்தாள்.

கொட்டகை எழும்பியது, தூளிகளும் கட்டியாயிற்று. ஆனால் பிள்ளையை அழைத்துப்போக ஒரு தாயும் வரவில்லை! வெறும் தூளிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ‘பெற்றுப் போட்டவள்’ என்ற பேச்சுக்கு அஞ்சி அத்தனை பேரும் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

பிறகு ஒருநாள், சந்தை கூடியிருந்த நேரத்தில், சுடலி என்பவள் வந்தாள். “போட்டுட்டுப் போனவளுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதோ?” என்று கூட்டம் சிரித்தது. அவள் மகள் பூவாயி, தாயை அடையாளம் தெரியாமல், பேராச்சியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்குப் பேராச்சி வாக்குக் கொடுத்திருந்தாள்.

சுடலி பிள்ளையைப் பிடித்து இழுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். மறுநாளும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தாள், அடுத்த நாளும் வந்தாள். ஊர் நாள்தோறும் சிரித்தது. ஒரு மாலையில் பூவாயி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து அவள் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். தான் போர்த்திக்கொண்டு தூங்கும் சேலையின் அதே வாசனை. கையை நீட்டினாள். பேராச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதைப் பார்த்த மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருமே இல்லாத சில பிள்ளைகளையும் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து அழைத்துப்போனார்கள். தாய்மார் பால் கொடுக்கப் போயிருந்த ஒரு வேளையில் கோடை மழை முந்திக்கொண்டு ஒரு பாத்தி உப்பைக் கரைத்தது. அழகுவேல் கொட்டகையில் ஒரு ஓலையைக்கூடப் பிரிக்கவில்லை. மனிதர் என்றால் அவரல்லவா மனிதர்!

வீடு காலியானது. பேராச்சி தன் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அரசன் வந்தான். அவளை வழியனுப்ப அழகுவேலும், பூவாயியோடு சுடலியும் வந்திருந்தார்கள். “இதைக் காலியாக்கியது யாரோ, அவருக்கே இந்த வீடு” என்றான்.

“காரணத்தைக் கண்டவ பேராச்சி. அவளுக்குக் குடுங்க” என்றார் அழகுவேல்.

“நான் கண்டு என்ன செய்ய? மொதல்ல வந்தவ சுடலி” என்றாள் பேராச்சி.

“அண்ணாச்சி நெழல் தரலன்னா நான் எங்க வர?” என்றாள் சுடலி.

மூவரும் அடுத்தவரைக் கைகாட்டினால் பாவம், அரசன்தான் என்ன செய்வான்? நீங்கள் சொல்லுங்கள்: இம்மூவரில் யார் செய்தது பெரிது? அந்த வீடு யாருக்கு?

விடை: வீடு சுடலிக்கு. பேராச்சி தன் இடத்தை இழந்தாள், அழகுவேல் உப்பை இழந்தார்; இரண்டும் பெரிய மனது. ஆனால் கொட்டகை எழும்பிய பிறகும் தூளிகள் வெறுமையாக ஆடியதை மறக்கக் கூடாது. வெயிலும் பசியும் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அனுப்பின. திரும்பவிடாமல் தடுத்தது வெட்கம். ஊர் சிரிக்கச் சிரிக்க அதைத் தாண்டி வந்தவள் சுடலி. அரசனும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னான். சாவியை வாங்கிய சுடலி வீட்டுக்குள் போகத் திரும்பினாள். பூவாயி நகரவில்லை, மூட்டையும் கையுமாக நின்ற பேராச்சியைப் பார்த்து, “எங்கயும் போமாட்டேன்னு சொன்னியே?” என்று கேட்டாள். சுடலி பேராச்சியின் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.