முக்குளிப்பானும் முந்நூறு இதயக்குறியும்

சம்பங்கோரை ஏரியில் ஒரு முக்குளிப்பான் இருந்தது. கையளவுப் பறவை. ஆனால் முங்குவதில் கெட்டிக்காரி! முங்குகிறவர்களுக்கென்றே அது செல்போனில் ஒரு குழு தொடங்கியது. ஆமை சேர்ந்தது, நீர்நாய் சேர்ந்தது. அதோடு சரி.

குழுவுக்கு ஒரே விதி. முங்குமுன் 'இறங்கறேன்' என்று போட வேண்டும். மேலே வந்ததும் 'ஏறிட்டேன்' என்று போட வேண்டும். அது வராவிட்டால் மற்றவர்கள் தேடிப் போக வேண்டும்.

நீர்க்காகமும் ஒரு குழு வைத்திருந்தது. விதியாவது ஒன்றாவது! கோழி, ஆடு, எருமை, மரத்தைவிட்டு இறங்கவே இறங்காத தேவாங்கு என்று ஐந்நூறு பேர்! நீர்க்காகம் முங்கி எழுந்த கையோடு, சிறகை விரித்துக் காயவைத்து ஒரு படம் போடும். இதயக்குறியாகக் கொட்டும். ஒருநாள் அது முக்குளிப்பானைச் சீண்டியது:

"என்ன தங்கச்சி, இன்னும் மூணே பேரா? ஒரு ஆட்டோகூட நிறையாதே! பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுற மாதிரி விதி வச்சா எவன் வருவான்? பௌர்ணமிக்குள்ள பத்துப் பேர் சேரலைன்னா, கடையை மூடிட்டு என் குழுவுக்கு வந்துடு!"

முக்குளிப்பான் தன் குழுவைக் கூட்டியது.

"வி...தி...யை எ...டுத்...து...ட...லா...மா?" என்றது ஆமை.

"எடுத்தா அப்புறம் நாம எதுக்கு?" என்று சீறியது நீர்நாய்.

"விதி இருக்கட்டும். குழு போனாலும் போகட்டும்!" என்றது முக்குளிப்பான்.

மறுநாள் காலை நீர்க்காகம் தன் குழுவில் முழங்கியது. "மதகுப் பள்ளத்தோட அடி வரைக்கும் போறேன்! பாருங்க என் கெத்தை!"

தொபுக்!

"கொக்கொக்கோ! சூப்பர் அண்ணே!" என்றது கோழி.

"மேஏஏ! வேற லெவல்!" என்றது ஆடு.

"ம்ம்மா...ஸ்!" என்றது எருமை.

முந்நூறு இதயக்குறி விழுந்தது. நீர்க்காகம் மட்டும் எழவில்லை.

பக்கத்தில் நீந்திய முக்குளிப்பான் நாற்பது வரை எண்ணியது. சிறகு விரிக்க நீர்க்காகம் மேலே வரவில்லை. குமிழிதான் வந்தது. "நீர்க்காகம் ஏறலை! மதகுக்கு ஓடி வாங்க!" என்று போட்டுவிட்டு முங்கியது.

அடியில் ஒரு பழைய கிழிந்த வலை! நீர்க்காகத்தின் கால் அதில் சிக்கியிருந்தது. பாய்ந்து வந்த நீர்நாய் நறுக் நறுக்கென்று கடித்து அறுத்தது. ஆமை முதுகைக் கொடுத்துத் தூக்கியது. மூவருமாக மேலே தள்ளிவிட்டார்கள்.

கரையில் நீர்க்காகம் தண்ணீரைக் கக்கியது. போனில் கோழி கேட்டிருந்தது: "அண்ணே, போட்டோ எங்கே?"

"ஐந்நூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் வரலைன்னு உறைக்கலையே, தங்கச்சி!"

"விடுங்கண்ணே. முதல்ல நல்லா மூச்சு இழுத்து விடுங்க."

நீர்க்காகம் நடந்ததை ஒளிக்காமல் எழுதியது. "முங்குறவங்க எல்லாரும் முக்குளிப்பான் குழுவுக்கு வாங்க. இதோ நானே போறேன்!"

சேதி சுற்றியுள்ள ஏழு ஏரிக்கும் பறந்தது. பாம்புத்தாரா வந்தது, நாமக்கோழி வந்தது. தவளையும் தண்ணீர்ப்பாம்பும் ஒரே குழுவில்! பாம்பு 'இறங்கறேன்' என்று போட்டால் தவளை கரையேறிவிடும், அவ்வளவுதான். பௌர்ணமிக்கு முன்பே இருநூறு பேர்!

"எனக்கு முங்கத் தெரியாதே, மேஏஏ!" என்று ஆடு அழுதது.

"கரையில நின்னு யார் வரலைன்னு பார்ப்பியா?"

"கண்ணைக்கூட இமைக்க மாட்டேன்!"

"அப்போ நீயும் நம்ம ஆளுதான், வா!" என்றது முக்குளிப்பான். ஏரியே அதிர ஆரவாரம் எழுந்தது.

நாம் ஜெயிக்கும்போது கைதட்டுகிற ஐந்நூறு பேரைவிட, நம்மைக் காணோமே என்று தேடி வருகிற மூன்று பேரே பெரிய கூட்டம்.