எதிர்க்கட்சி தீர்ந்துபோன ஊர்

நெல்லிமுத்தூரில் எதிர்க்கட்சி தீர்ந்துபோன மறுவாரம், பேரூராட்சித் தலைவர் தங்கப்பழம் மடத்துக்கு வந்தார்.

ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஒவ்வொருவராகத்தான் தங்கப்பழத்தின் கட்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு விவசாய அணி கொடுத்தார். ஒருவருக்கு வர்த்தகர் அணி. அணிகள் போதாமல் போனபோது இலக்கிய அணியை வடக்கு, தெற்கு என்று பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். கடைசியாக மிஞ்சியிருந்தவர் மாதா கோயில் தெரு சந்தியாகு. பேரூராட்சிக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நின்று, இது என்ன நியாயம் என்று கேட்கிற ஆள். போன வெள்ளிக்கிழமை அவரும் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிவிட்டார். தங்கப்பழம் பட்டாசு வெடிக்கச் சொன்னார்.

அன்றைக்கே பயமும் பிடித்துக்கொண்டது.

ஆசி வாங்கப் போகிறோம் என்று சொல்லி உறுப்பினர்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி வந்திருந்தார். அவர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார்.

மடத்தை நடத்திவந்த வடிவம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தங்கப்பழத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஊரே அவரை அம்மா என்றது. தங்கப்பழமும் அப்படித்தான் கூப்பிடுவார். மனசு சரியில்லை என்றால் நேரே இங்கேதான் வருவார்.

குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். நாளைக்குக் கூட்டம். தன்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரப்போவதாகக் காதில் விழுந்திருக்கிறது. கொண்டுவரப் போவது யார் என்றுதான் தெரியவில்லை. டீக்கடையில் இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து நின்றால் சந்தேகமாக இருக்கிறது. ஒருவர் தனியாக நின்று யோசித்தால் அதைவிட மோசம்.

“எதிரின்னு ஒருத்தன் பாக்கி இல்லம்மா. எல்லாரும் நம்ம ஆளுங்க. பிறகு எதுக்குப் பயமா இருக்கு?”

அம்மா எழுந்து கையைக் கழுவினார்.

“சின்ன வயசுல சடுகுடு ஆடியிருக்கீங்களா தலைவரே?”

ஆடியிருக்கிறார். ஆளைப் பிடிப்பதில் அந்தக் காலத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொன்னார்.

“பின்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கோடு போட்டு வச்சிருக்காங்க. எல்லாரையும் கூப்பிடுங்க.”

வெள்ளை வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. பெண் உறுப்பினர்கள் மூவரும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டங்களில் அவர்களுக்குப் பதிலாகப் பேசுகிற கணவர்மார் இங்கேயும் அவர்களுக்குப் பதிலாகக் களத்தில் இறங்கினார்கள்.

கட்சிவாரியாகப் பிரிந்து நிற்கும்படி அம்மா சொன்னார்.

எல்லாரும் ஒரே பக்கம் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓணான் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

தலைவர்தான் முதலில் பாடிப் போகவேண்டும் என்று துணைத்தலைவர் மகராசன் முன்மொழிந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. தங்கப்பழம் மூச்சைப் பிடித்து, சடுகுடு சடுகுடு என்று நடுக்கோட்டைத் தாண்டினார். இடது பக்கம் பாய்ந்தார். வலது பக்கம் காலை வீசினார். கடைசிக் கோடுவரை போய், அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி வந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. மாபெரும் வெற்றி என்றார் இலக்கிய அணி, வடக்கு.

“யாரைத் தொட்டீங்க?” என்று அம்மா கேட்டார்.

அதற்குள் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைவருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு முழங்கை இன்னொரு விலாவைத் தள்ளியது. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். இலக்கிய அணி, தெற்கு, வடக்கைப் பின்னால் இழுத்தார். அந்த நெரிசலில் தங்கப்பழத்தின் கணுக்காலை ஒரு கை பிடித்தது. பிடித்து இழுத்தது. அவர் குப்புற விழுந்தார். அவர்மேல் விவசாய அணியும் அதன்மேல் வர்த்தகர் அணியும் விழுந்தன.

வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தார்.

“என் காலைப் பிடிச்சது யாருல?”

நான் தாங்கிப் பிடித்தேன் தலைவரே என்றார் மகராசன். நானும்தான் என்றார் வர்த்தகர் அணி. ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். எல்லாருமே தாங்கித்தான் பிடித்திருந்தார்கள்.

தங்கப்பழம் அம்மாவைப் பார்த்தார். அம்மா காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கப்பழம் கூட்டத்தைத் துழாவி, கடைசி வரிசையில் பொன்னாடையோடு வியர்த்துக்கொண்டிருந்த சந்தியாகுவைக் கண்டுபிடித்தார்.

“ஓய், நீரு அந்தப் பக்கம் போய் நில்லும்.”

“வெள்ளிக்கிழமைதான தலைவரே இங்கிட்டு வந்தேன்” என்றார் சந்தியாகு. “அதுக்குள்ள போகச் சொல்லுதீரே.”

ஆனால் கால் நகர்ந்துவிட்டது. நகர்ந்துகொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க தெருவுல சாக்கடை அடைச்சுக் கிடக்கு. கூட்டத்துல கேளுன்னு தெருக்காரங்க சொன்னாவ. நம்ம கட்சியை நாமே எப்படிக் கேக்கன்னேன். அப்ப ஒனக்கு எதுக்கு ஓட்டுப் போட்டோம்னு கேட்டுட்டு, அவரவர் வீட்டுக்குப் போயிட்டாவ.”

பொன்னாடையைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தார். மகராசன் கை நீட்டி வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். சந்தியாகு கோட்டைத் தாண்டி, அவ்வளவு பெரிய இடத்தில் ஒற்றை ஆளாக நின்று, இரண்டு கையையும் விரித்துக் குனிந்தார்.

தங்கப்பழம் மறுபடி பாடிப் போனார்.

இந்தத் தடவை பின்னால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. கட்சி முழுவதும் நடுக்கோட்டோரம் கைகோத்து நின்றது. ‘இடது பக்கம் தலைவரே’, ‘அவர் கையைப் பாருங்க’, ‘திரும்பிருங்க’ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வடக்கும் தெற்கும் ஒரே குரலில் கத்தின. தங்கப்பழம் சந்தியாகுவின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அப்போது இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் இறுகின. அவர் இழுத்தார். அவை விடவில்லை. கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மூச்சு விட்டுப்போயிற்று.

அவுட் என்றார் அம்மா.

சுவரோரத்தில் ஒரு பெண் உறுப்பினர் கைதட்டினார். அவருடைய கணவர் திரும்பிப் பார்த்தார். மனைவி இன்னும் பலமாகத் தட்டினார்.

தங்கப்பழம் மண்ணிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சந்தியாகு கைகொடுத்துத் தூக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டு, தன் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தங்கப்பழம் மெல்ல அம்மாவிடம் வந்தார்.

“இவரை அந்தப் பக்கமே விட்டா, நாளைக்கு இவரே தீர்மானம் கொண்டு வருவாரும்மா.”

“கொண்டு வருவார்.”

“என்னைக் கவுத்துப்புடுவாரு.”

“கவுத்தாலும் கவுப்பார்.”

“அப்போ ரெண்டு தடவையும் நான்தானே கீழ விழுந்தேன்? இதுல என்னம்மா வித்தியாசம்?”

அம்மா புளிக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இந்தத் தடவை, பிடிச்சது யாருன்னு நீங்க யாரையும் கேக்கலையே தலைவரே.”